வாசல் முதல் வாசல் வரை: தொலைவும் நேரமும்

சிங்கப்பூருக்கு நாலே கால் மணி நேரம், துபாய்க்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், லண்டனுக்குப் பத்தரை மணி நேரம். விமான நிறுவனம் சொல்கிற இந்தக் கணக்கில் பிழை இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு அது போதும். ராசிபுரத்திலிருந்தோ பரமத்தி வேலூரிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ கிளம்புகிறவருக்குப் போதாது. நாமக்கல் வீட்டுக் கதவைப் பூட்டிய நிமிஷத்திலிருந்து சிங்கப்பூரில் மகள் வீட்டு மணியை அழுத்துகிற நிமிஷம்வரை எண்ணிப் பாருங்கள். பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. அதில் வானத்தில் கழிவது நாலே கால்தான். மீதியெல்லாம் சாலையிலும் வரிசையிலும் நாற்காலியிலும் போய்விடும். ஆகவே இந்த அத்தியாயத்தில் எல்லாக் கணக்கையும் வாசலில் தொடங்கி வாசலில் முடிப்போம்.

எங்கே போய் ஏறுவது

சேலம், நாமக்கல் சமவெளியைச் சுற்றி நாலு பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன. வடக்கே பெங்களூரு, மேற்கே கோயம்புத்தூர், தென்கிழக்கே திருச்சி, வடகிழக்கே சென்னை. நாலுக்கும் நாம் நடுவில் இருக்கிறோம். எதற்கும் பக்கத்தில் இல்லை. நடுவில் நமக்கென்று ஒன்று, ஓமலூர் அருகே காமலாபுரத்தில்.

முதலில் காமலாபுரத்தையே பார்த்துவிடலாம். தொண்ணூறுகளில் திறந்த நிலையம் அது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, பிறகு நின்றது. 2018 மார்ச்சில் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்கு ஓட்டியது, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து சென்னை, பெங்களூரு, ஐதராபாத், கொச்சி என்று இணைத்தன. ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம். ஏடிஆர் 72 என்கிற, இறக்கைக்கு அடியில் விசிறி சுழலும் எழுபது சொச்சம் இருக்கை விமானத்துக்கு அது தாராளம். பெரிய ஜெட் விமானங்களை நம்பி இயக்க அது பற்றாது. அதனால் காமலாபுரத்தில் ஏறி நேரே துபாயில் இறங்குகிற நாள் இன்னும் வரவில்லை. சேவைகள் வருவதும் போவதுமாக இருந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுக்கிற வாரத்தில் எந்தெந்த நாளில் விமானம் இருக்கிறது என்று பார்த்த பிறகே திட்டம் போடுங்கள்.

சென்னைக்குள் வேலை என்றால் காமலாபுரம் விமானம் அவ்வளவாக நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை என்பது என் கட்சி. பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து காமலாபுரம் போக முக்கால் மணி, அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்கவேண்டும், மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து தி.நகரோ பாரிமுனையோ போய்ச் சேர ஒரு மணி. கூட்டினால் நாலு மணி நேரத்தைத் தாண்டுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத் ரயில் சேலம் ஜங்ஷனில் ஏற்றிக்கொண்டவரை ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் சென்ட்ரலில் இறக்கிவிடுகிறது. விமானம் உண்மையில் பயன்படுவது சென்னையிலோ பெங்களூருவிலோ இன்னொரு விமானம் பிடிக்கவேண்டியவருக்குத்தான். அவருக்கு இறங்கிய இடமே ஏறுமிடம்.

திருச்சி, நாமக்கல்காரர்களுக்கு வாய்த்த நல்ல அண்டைவீடு. தொட்டியம், முசிறி வழியாகக் காவிரியை ஒட்டிப் போனால் ஏறக்குறைய 95 கிலோமீட்டர். நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டை சாலையில் இருப்பதால் நகரத்தைக் கடக்க அரை மணி நேரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இரண்டரை மணி. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் என்று நேரடி விமானங்கள் இங்கிருந்து போகின்றன. 2024-ல் புது முனையம் செயல்பட ஆரம்பித்ததிலிருந்து வரிசையில் நெரியவேண்டியதும் குறைந்திருக்கிறது. சேந்தமங்கலம், மோகனூர், பரமத்தி வேலூர்க்காரர்கள் கிழக்கே போவதானாலும் வளைகுடாவுக்குப் போவதானாலும் முதலில் திருச்சியைத்தான் பார்க்கவேண்டும்.

திருச்செங்கோடு, குமாரபாளையம், சங்ககிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் கை கொடுக்கும். பீளமேட்டு நிலையம் ஊருக்குக் கிழக்கு ஓரத்தில், நம் பக்கமாகவே இருக்கிறது. அவினாசி சாலையில் போனால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். சிங்கப்பூரும் சார்ஜாவும் அபுதாபியும் அங்கிருந்து நேரடி.

ஐரோப்பா, அமெரிக்கா என்றால் பெங்களூருவோ சென்னையோதான். சேலம், ஓமலூர், மேட்டூர்க்காரர்களுக்கு பெங்களூரு. சேலத்திலிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டர் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சில்க் போர்டு வரைக்கும் நம்பலாம். நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்தின் வடக்குக் கோடியில். இன்னும் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளி தாண்டியதும் தொடங்குகிற நெரிசலில் கடைசி ஐம்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் போவது சாதாரணம். வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் முனையத்தில்தான். டாக்ஸிக்காரரிடம் ஏறும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மின்னணு நகரத்திலோ சில்க் போர்டிலோ இறங்கி வாயு வஜ்ரா ஏறினால் நேரே முனையத்துக்குப் போகலாம்.

ஆத்தூர், தலைவாசல் பக்கத்தவர்கள் பெங்களூருவை மறந்துவிடலாம். உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு வழியாகப் போகிற சாலையில் தாம்பரம் தாண்டியதும் விமான நிலையம் வந்துவிடுகிறது. சென்னை நகரத்துக்குள் ஒரு அடிகூட வைக்கவேண்டாம். ரயிலில் போகிறவருக்கும் கவலையில்லை. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ ஏறினால் விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும்.

எவ்வளவு தூரம்

வான்தூரத்தை அளக்க ஒரு சின்னக் கணக்கு போதும். கைபேசி வரைபடத்தில் ஊரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சம், இரண்டாவது தீர்க்கம். அட்சத்தில் ஒரு பாகை என்றால் எங்கும் 111 கிலோமீட்டர். தீர்க்கத்தில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் 111. மேலே போகப்போகச் சுருங்கும். நம் ஊர் மட்டத்தில் 108 அல்லது 109.

காமலாபுரம் 11.78, 78.06. மீனம்பாக்கம் 12.99, 80.17. அட்ச வித்தியாசம் 1.21, அதை 111-ஆல் பெருக்கினால் 134 கிலோமீட்டர் வடக்கே. தீர்க்க வித்தியாசம் 2.11, 108.5-ஆல் பெருக்கினால் 229 கிலோமீட்டர் கிழக்கே. பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்தான் மிச்சம்: இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 265. சேலத்துக்கும் சென்னைக்கும் வான்தூரம் 265 கிலோமீட்டர். ரயிலில் 334, சாலையில் சுமார் 340. கல்வராயன் மலையும் ஏலகிரியும் குறுக்கே நிற்பதால் தரைவழி அவ்வளவு சுற்றுகிறது.

இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால் இந்த முக்கோணம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். பூமி உருண்டை என்பதை அது கண்டுகொள்வதில்லை. அங்கே பிள்ளைகளின் பூகோள உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் நூலை வைத்து இறுக்கிப் பிடித்தால் நூல் தானாகப் படியும் கோடுதான் மிகக் குறுகிய வழி. பெங்களூருவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் பிடித்துப் பாருங்கள். சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் சீனாவையும் பசிபிக்கையும் தாண்டிப் போகும் என்று எதிர்பார்க்கும். நூலோ வடக்கே வளைந்து ஏறி, சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரம்வரை போய், அந்தப் பக்கம் அலாஸ்கா வழியாக இறங்கும். அந்த நீளம் சுமார் 13,990 கிலோமீட்டர்.

நூலைப் போல விமானமும் வடக்கே வளைந்து போகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 2021 ஜனவரி 9 இரவு ஏர் இந்தியாவின் போயிங் 777 விமானம் ஒன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி, வட துருவப் பகுதிக்கு மேலே பறந்து, 11-ஆம் தேதி அதிகாலை பெங்களூருவில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் நால்வரும் பெண்கள். அந்த இரு நகரங்களுக்கிடையே முதல் நேரடிச் சேவை அதுதான். பறந்த நேரம் சுமார் 17 மணி. இப்படிப்பட்ட நீண்ட நேரடிச் சேவைகள் எரிபொருள் விலையையும் விமானக் கையிருப்பையும் பொறுத்துத் தொடங்கும், நிற்கும். நீங்கள் போகும் மாதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நூலை வைத்துக்கொண்டு இன்னொன்றையும் பார்த்துவிடலாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். துபாய் சுமார் 2,940. ஏறத்தாழச் சரிபாதியில் உட்கார்ந்திருக்கிறது திருச்சி. சீட்டில் உள்ள கடிகார நேரத்தைப் பார்த்தால் இது யாருக்கும் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்குச் சிங்கப்பூருக்குக் கிளம்பினால் காலை ஏழே முக்காலுக்கு இறங்குவதாகச் சீட்டில் இருக்கும். அதே ஒரு மணிக்குத் துபாய்க்குக் கிளம்பினால் விடியற்காலை மூன்றே முக்கால், நாலு என்று இருக்கும். ஒன்று ஏழு மணி நேரம் போலவும் மற்றது மூன்று மணி நேரம் போலவும் தோன்றும். இரண்டும் நாலே கால் மணி நேரத்தை ஒட்டியவைதான்.

எத்தனை மணி நேரம்

ஜெட் விமானத்துக்கு, வான்தூரத்தை 850-ஆல் வகுத்து நாற்பது நிமிஷம் கூட்டுங்கள். தரையில் ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அந்த நாற்பது. திருச்சி–சிங்கப்பூர்: 2,980-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்றரை, கூட்ட நாலு மணி பத்து நிமிஷம். பெங்களூரு–சான் ஃபிரான்சிஸ்கோ இந்தக் கணக்கில் பதினேழு மணி சொச்சம். ஏடிஆருக்கு 500-ஆல் வகுத்து அரை மணி கூட்டினால் போதும். காமலாபுரம்–சென்னை ஒரு மணி இரண்டு நிமிஷம் என்று வரும்.

சீட்டில் அச்சடித்திருக்கும் நேரம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்படவேண்டாம். தாமதம் என்று பெயர் வாங்காமலிருக்க நிறுவனங்கள் பத்து, பதினைந்து நிமிஷம் கூட்டிப் போடுவது வழக்கம். "சீக்கிரமாகவே வந்து சேர்ந்துவிட்டோம்" என்று விமானத்தில் பெருமையாக அறிவிப்பது பல சமயம் இந்தக் கூட்டலின் புண்ணியம்.

காற்றும் கணக்கில் சேரும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் இருக்கும் அட்சங்களில் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது. பெங்களூருவிலிருந்து லண்டன் போகும்போது அது எதிரே நிற்கும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். சுமார் 8,050 கிலோமீட்டர் தூரம் இருபுறமும் ஒன்றுதான், ஆனால் வரும்போது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை குறையும். நம் தென்னிந்தியாவுக்கு மேலே மட்டும் ஜூன் முதல் செப்டம்பர்வரை கதை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காலத்தில் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் உண்டு. கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் ஐம்பதுகளில் விளக்கிச் சொன்னது அது. அதன் உச்ச வேகம் விமானம் பறக்கிற உயரத்துக்கு மேலே இருந்தாலும் கீழ் விளிம்பு விமானத்துக்கு எட்டும். ஆடி மாதத்தில் துபாய் போகிறவருக்குக் கொஞ்சம் லாபம்.

வான்வழி மூடப்பட்டால் நூல் கணக்கெல்லாம் வீண். 2022-லிருந்து ரஷ்ய வான்வழி ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிக்கொண்டு போயின. தெற்கிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் வழி அரபிக் கடலுக்கு மேலே என்பதால் நமக்கு அந்தத் தொல்லை அதிகம் இல்லை. டெல்லியில் மாறி ஐரோப்பாவோ அமெரிக்காவோ போகிறவர்கள் மட்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

கடிகாரமும் காலண்டரும்

சீட்டில் இருக்கிற ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய், அபுதாபி, மஸ்கட் ஒன்றரை மணி பின்னால். கத்தாரும் சவுதியும் கென்யாவும் எத்தியோப்பியாவும் இரண்டரை மணி பின்னால். இவை வருஷம் முழுக்க மாறாது. மாறுவது ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான். லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை. நியூயார்க் பத்தரை அல்லது ஒன்பதரை. டல்லாஸ் பதினொன்றரை அல்லது பத்தரை. கலிபோர்னியா பதிமூன்றரை அல்லது பன்னிரண்டரை. ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறுகிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். அந்த வாரங்களில் பயணம் விழுந்தால் பழைய நேரத்தை வைத்து வரவேற்க வருகிறவர் ஒரு மணி நேரம் காத்திருப்பார், அல்லது நீங்கள் காத்திருப்பீர்கள்.

பறக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க இரண்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். மேலே சொன்ன ஏழே முக்கால் சிங்கப்பூர் நேரம் நம் கணக்கில் ஐந்தே கால். ஒரு மணியிலிருந்து ஐந்தே கால், நாலே கால் மணி நேரம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பாதிக்கு மேல் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புவது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. நம் பழக்கத்திலோ நாள் பொழுது விடிகையில் பிறக்கிறது. பஞ்சாங்கமும் அப்படித்தான் எண்ணும். ராத்திரி ஒன்றே கால் மணி விமானத்தை வைத்துக்கொண்டு, "ஏங்கண்ணு, சனிக்கிழமை ராத்திரிதானே?" என்று அம்மா போனில் கேட்பார். சீட்டில் சனிக்கிழமை என்று பார்த்திருக்கும் மகனும் "ஆமாம்மா" என்பான். சீட்டில் உள்ள சனிக்கிழமை ஒன்றே கால் மணி, வெள்ளிக்கிழமை ராத்திரி முடிகிற நேரம். சனிக்கிழமை சாயங்காலம் மாலை மரியாதையோடு குடும்பமே திருச்சிக்குக் கிளம்பிப் போனால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். அதனால் சீட்டு கைக்கு வந்ததும் அதன்மேல் கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "வீட்டை விட்டுக் கிளம்புவது வெள்ளி மாலை ஏழரை." விமானம் கிளம்பும் நேரத்தைக் குடும்பத்தில் யாருக்கும் சொல்லவே வேண்டாம், வாசலைத் தாண்டும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

அந்த நேரம் ராகு காலத்தில் விழுந்தால் பெரியவர்களிடம் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். நல்ல நேரத்தில் ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்கிற பரஸ்தான வழக்கம் இன்னும் நம் பக்கம் இருக்கிறது. விமான நிலையக் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும்; ராகு காலம் ஒன்றரை மணி நேரம். இரண்டையும் சமாளிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

போய்ச் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறியும் ஒன்று என்ற எண்ணும் இருந்தால் மறுநாள் என்று பொருள். இரண்டு என்றும் இருக்கும். அமெரிக்காவிலிருந்து திரும்பும் சீட்டில் அதைப் பார்க்கலாம். அந்த 2021 துருவ விமானத்தில் 9-ஆம் தேதி ஏறியவர்கள் 11-ஆம் தேதி இறங்கியது அப்படித்தான். பெங்களூருவுக்கு அழைக்கப் போகிற டாக்ஸியை எந்தத் தேதிக்குச் சொல்வது என்பது அந்தச் சின்ன எண்ணில் இருக்கிறது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் கலிபோர்னியா போகும்போது "காலை மாத்திரை" எது என்பதில் தடுமாறுவார்கள். கிளம்பும் முன் மருத்துவரிடம் மணி வாரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும், சரக்கில் போடும் பெட்டியில் வேண்டாம்.

நடுவில் ஓர் ஊரில் மாறினால்

நேரடி விமானம் இல்லாதவர்களுக்கு நேரத்தைத் தீர்மானிப்பது மாறும் ஊர்தான். எல்லாப் பயணமும் ஒரே சீட்டில், ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவென்று காமலாபுரம்–பெங்களூரு ஒரு சீட்டும் பெங்களூரு–லண்டன் வேறொரு சீட்டுமாக எடுத்தால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில். பெங்களூருவில் வெளியே வந்து, பெட்டியை எடுத்து, முனையம் மாறி, மறுபடி வரிசையில் நிற்கவேண்டும். அப்படி எடுப்பதானால் இரண்டுக்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் தேவனஹள்ளியில் விடிகாலைப் பனிமூட்டம் அடிக்கடி விமானங்களை நிறுத்திவைக்கும். அந்த மாதங்களில் ஐந்தும் போதாது. சென்னையில் போகிப் புகை அந்த ஒரு காலைப்பொழுதில் விமானங்களைத் திருப்பி அனுப்பியது உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாள்கணக்கில் மூடியே கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வழியாகப் போகிறவர்கள் புயல் செய்தியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்குள் மாறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். முதலில் இறங்கும் அமெரிக்க நகரத்தில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பெட்டியைக் கொடுக்கவேண்டும். சிகாகோவிலோ நியூயார்க்கிலோ ஒன்றரை மணி நேர மாற்றம் என்று சீட்டு வந்தால் வாங்காதீர்கள். மூன்று மணி நேரம் வேண்டும். அபுதாபி வழியாகப் போனால் அமெரிக்க இமிகிரேஷன் அபுதாபியிலேயே நடந்துவிடும். அங்கே அதிக நேரம் வேண்டும், இறங்கும் ஊரில் உள்ளூர்ப் பயணிபோல வெளியே வந்துவிடலாம். வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி கேட்டுப் பதிவுசெய்வது கௌரவக் குறைச்சல் இல்லை. மொழி தெரியாத நிலையத்தில் கைபிடித்து அடுத்த வாயில்வரை கொண்டுபோய் விட ஆள் கிடைப்பது அந்த ஒரு வழியில்தான்.

ரிக் வண்டிக்காரர்களுக்கு

திருச்செங்கோட்டுக்குத் தனியாக ஒரு பகுதி எழுதாமல் இந்த அத்தியாயம் முடியாது. இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு (போர்) போடுகிற ரிக் வண்டிகளோடு ஆப்பிரிக்காவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கா பக்கத்தில்தான், ஐரோப்பாதான் தூரம் என்ற எண்ணம் பலருக்கு. நூலை வைத்துப் பாருங்கள். பெங்களூருவிலிருந்து அடிஸ் அபாபா சுமார் 4,270 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அங்கே மாறி கானாவின் அக்ரா போக இன்னும் 4,310. மொத்தம் 8,580; லண்டனைவிட 500 கிலோமீட்டர் அதிகம். காத்திருப்பையும் சேர்த்தால் திருச்செங்கோட்டு வாசலிலிருந்து அக்ரா தங்குமிடம்வரை ஒன்றேகால் நாள். அங்கிருந்து போர் போடுகிற கிராமம்வரை லாரியில் போகும் நேரம் இதில் சேரவில்லை. அதை முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணம் பத்து நாள் முன்பே தொடங்குகிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போக தடுப்பூசிச் சான்று கட்டாயம். கானா அதில் ஒன்று. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னை கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போடுகிறார்கள். நாள் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போகவேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்பதால் அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அட்டை இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்க இந்திய நிலையத்துச் சுகாதார அதிகாரிக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் போன் செய்து "இறங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் கழித்து வாசலுக்கு வருகிற கதை அது.

திரும்பி வரும் வழி

போகும்போது காட்டுகிற கவனத்தில் பாதியைக்கூட வரும்போது யாரும் காட்டுவதில்லை. வெளிநாட்டு விமானங்கள் பல பெங்களூருவில் இறங்குவது நள்ளிரவு கடந்து. இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் முடித்து வெளியே வர ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி ஆகும். அழைக்க வந்த டிரைவர் நாமக்கல்லில் மத்தியானமே கிளம்பியிருப்பார். வண்டி நிறுத்துமிடத்தில் அரைத்தூக்கம் தூங்கியிருப்பார். அவர் மூன்று மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால் கிருஷ்ணகிரி தாண்டி, தருமபுரி தாண்டி, கண் சொக்குகிற நேரத்தில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் வரும். பாரம் ஏற்றிய லாரிகளும் வளைவுகளும் சேர்ந்து விபத்துக்குப் பேர்போன இடம் அது; ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும்.

செலவு பார்க்காமல் இரண்டு டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் தேவனஹள்ளிப் பக்கத்திலேயே அறை எடுத்து விடிந்த பிறகு கிளம்புங்கள். இரண்டும் முடியாதென்றால் ஓசூரில் நிறுத்தி டிரைவரை ஒரு மணி நேரம் தூங்கவிடுங்கள்; நீங்கள் விமானத்தில் தூங்கியிருப்பீர்கள், விழித்திருப்பது சுலபம். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், அதோடு எட்டு மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள்.